பல் சிகிச்சைக்குச் செல்லும் முன்

சென்ற மாதம் சர்க்கரை நோய்க்கான மறுபரிசோதனைக்கு வந்திருந்த ஓர் அம்மையார், கடைவாய்ப் பல்லின் வலியை மூன்று மாதங்களாகக் கிராம்புத் தைலத்தைக் கொண்டு அடக்கி வருவதாகக் கூறினார். பல் மருத்துவரிடம் ஏன் செல்லவில்லை என்று கேட்டேன். "பல்லுப் புடுங்கப் போனவுகளே செத்துப் போனாகளாம்ல சார், வாணியம்பாடியில" என்றார்.

அவர் கேள்விப்பட்டது வதந்தி அன்று. ஆனால் அதிலிருந்து அவர் எடுத்த முடிவு தவறு. சீழ் கட்டிய பல் வாயில் இருக்கும்வரை சர்க்கரை எளிதில் கட்டுக்குள் வராது. சர்க்கரை கட்டுக்குள் வராதவரை சீழும் ஆறாது. எனவே வாணியம்பாடியில் நடந்தது என்ன என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

2022ஆம் ஆண்டின் பிற்பகுதி தொடங்கி 2023ஆம் ஆண்டின் முற்பகுதி வரை, வட தமிழ்நாட்டின் சில மாவட்டங்களில் அரிதானதொரு மூளைத் தொற்று காணப்பட்டது. காய்ச்சல், தலைவலி, முகத்தின் ஒரு பக்கம் செயலிழத்தல், பேச்சுக் குழறல் ஆகியவை அதன் அறிகுறிகள். மெலியாய்டோசிஸ் என்னும் நோய் நரம்பு மண்டலத்தைத் தாக்கியிருப்பது பரிசோதனைகளில் தெரியவந்தது. பாதிக்கப்பட்டவர்களுள் 10 பேர் வாணியம்பாடியில் ஒரே பல் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றவர்கள். அந்த 10 பேரில் 8 பேர் இறந்தனர். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம், மாநிலப் பொதுச் சுகாதாரத் துறை ஆகியவற்றின் வல்லுநர்கள் நடத்திய ஆய்வு, 2025இல் லான்செட் குழும இதழ் ஒன்றில் வெளியாயிற்று.

காரணமாக அவர்கள் சுட்டியது ஒரு சலைன் பாட்டிலை. எலும்பின் மேலுள்ள சவ்வை விலக்கப் பயன்படும் கருவியாலேயே பாட்டிலைத் திறந்திருக்கிறார்கள். பின்பு அதைச் சரிவர மூடாமல் வைத்து, அடுத்தடுத்த நோயாளிகளின் வாயையும் அதே நீரால் கழுவியிருக்கிறார்கள்.

இந்நோயின் கிருமி மண்ணிலும் தேங்கிய நீரிலும் இயல்பாக வாழ்வது. வயலில் வேலை செய்வோருக்குக் காலில் உள்ள புண் வழியாகத் தொற்றுவதுண்டு. சர்க்கரை நோயாளிகளை இது எளிதில் பற்றும். பென்சிலின் போன்ற வழக்கமான மருந்துகளுக்கு அடங்காது. உரிய மருந்தை வாரக்கணக்கில் நரம்பு வழியாகவும், பின்னர் மாதக்கணக்கில் மாத்திரையாகவும் கொடுக்க வேண்டும். பல் பிடுங்கிய பச்சைப் புண்ணில் இக்கிருமி நேரடியாகச் சேர்ந்தால், மூளை அங்கிருந்து வெகு தொலைவில் இல்லை.

சலைன் பாட்டிலின் விலை பெரிதன்று. ஒருவருக்குச் சிறிதளவே செலவானதும், மீதியைக் கொட்ட மனம் வருவதில்லை. பிறரை மட்டும் குறை கூறுவதற்கில்லை. நான் பயிற்சி பெற்ற காலத்தில், ஒரு மருத்துவமனையில், பாட்டிலின் மூடியில் ஊசியைக் குத்தி அப்படியே விட்டுவைத்து, நாள் முழுவதும் அதிலிருந்தே உறிஞ்சி எடுத்தோம். அது தவறென்று எங்களுள் எவருக்கும் அன்று உறைக்கவில்லை. நம் பட்டாசு ஆலைகளில் வேலை செய்வோர் இவ்விஷயத்தில் எங்களைவிடத் தெளிவானவர்கள். மருந்து கலக்கும் அறைக்குள் பொறி தெறிக்கும் இரும்புக் கருவி கூடாது. அன்று கலந்த மருந்தை மறுநாளுக்கு மீதம் வைக்கக் கூடாது. சிவகாசியில் இதை யாருக்கும் கற்பிக்கத் தேவையில்லை. திறந்த சலைனுக்கும் அதே விதிதான்: ஒரு பாட்டில், ஒரு நோயாளி, மீதி கொட்டப்பட வேண்டும்.

பல் மருத்துவ நாற்காலியோடு இணைந்த மெல்லிய நீர்க்குழாய்களும் கவனத்திற்குரியவை. அவற்றின் உட்சுவரில் கிருமிகள் பாசிபோல் படியும். 2016இல் அமெரிக்காவின் அனாஹைம் நகரில், குழந்தைகளுக்கான பல் மருத்துவமனை ஒன்றில் இவ்வகை நீரால் 70க்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குத் தாடையில் தொற்று ஏற்பட்டது. தொட்டியில் நாட்கணக்கில் நீரைச் சேமித்து வைக்கும் நம் ஊர்களில் இதற்குக் கூடுதல் கவனம் தேவை. குழாய்களை உரிய மருந்தால் அவ்வப்போது தூய்மை செய்வதோடு, ஒவ்வொரு நோயாளிக்குப் பின்னும் அரை நிமிடமேனும் நீரை ஓடவிட வேண்டும். அறுவைக்கு அக்குழாய் நீர் அறவே ஆகாது.

கருவிகளைக் கொதிநீரில் போட்டெடுப்பதோ ஸ்பிரிட்டால் துடைப்பதோ போதாது. ஆட்டோகிளேவ் எனப்படும் அழுத்த நீராவிக் கலனில், 121 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேற்பட்ட வெப்பத்தில், குறித்த நேரம் வைத்தாக வேண்டும். பல்லைக் குடையும் கைக்கருவிக்கும் இது பொருந்தும். அவசரத்தில் பலரும் விட்டுவிடுவது அதைத்தான். உறையிட்டு வைத்த கருவிகளின் மேல் ஒட்டிய பட்டையில் கோடுகள் கறுத்திருந்தால், உறை வெப்பத்தைக் கண்டிருக்கிறது என்று பொருள். கிருமிகள் முற்றிலும் அழிந்தன என்பதற்கு அது மட்டும் சான்றாகாது. கலன் சரியாக இயங்குகிறதா என்பதை மருத்துவமனை தனியே சோதித்து வர வேண்டும்.

இவற்றுள் நோயாளியின் கண்ணுக்குத் தெரிபவை சிலவே. கருவிகளின் உறை உங்கள் முன்னிலையில் பிரிக்கப்படுகிறதா, கையுறை புதிதா, மரத்துப்போகும் ஊசிக்குப் புதிய சிரிஞ்சு எடுக்கப்படுகிறதா என்று பாருங்கள். மருந்துக் குப்பியிலிருந்து பலருக்கும் மருந்து எடுப்பதுண்டு. ஆனால் ஒருவருக்குப் பயன்படுத்திய ஊசியோ சிரிஞ்சோ மறுபடி அந்தக் குப்பிக்குள் செல்லக் கூடாது. நோயாளி வாயைத் திறந்தபடி எதையும் கேட்க இயலாது. ஆகவே உடன் வருபவர் கேட்கட்டும்: "டாக்டர், சலைன் பாட்டில் புதுசா உடைப்பீங்களா?" நல்ல மருத்துவர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டால் வேறிடம் செல்லலாம்.

பல் மருத்துவமனைகளும் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம், 1997இன் கீழ்ப் பதிவு பெற்றிருக்க வேண்டும். அச்சான்றிதழையும், மருத்துவரின் பல் மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணையும் சுவரில் தேடிப் பாருங்கள். குறையிருப்பின் மாவட்ட மருத்துவ நலப் பணிகள் இணை இயக்குநரிடம் முறையிடலாம்.

பல் எடுத்த பின் ஓரிரு நாள் வலியும் சிறு வீக்கமும் இயல்பு. ஆனால் அடுத்த சில வாரங்களுக்குள் விடாத காய்ச்சல், கடுந்தலைவலி, முகம் கோணுதல், பேச்சுக் குழறல், பார்வை மங்கல் ஆகியவற்றுள் ஏதேனும் தோன்றினால் அன்றே மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள். வரும்போது பல் சிகிச்சை பெற்ற தேதியையும் இடத்தையும் கேட்காமலேயே சொல்லுங்கள். காய்ச்சலுக்கு வந்தவர் பல்லைப் பற்றிப் பேசுவதில்லை. நாங்களும் கேட்கத் தவறுவதுண்டு.

அந்த அம்மையார் தம் மகளுடன் சென்று பல்லை எடுத்துக்கொண்டார். பாட்டில் கண்முன்னே உடைக்கப்பட்டதாம். சென்ற வாரம் தையலும் பிரித்தாயிற்று.