சக்கரம் இல்லாமல் ஒரு குவளை

புதுச்சேரியில் 1971இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியில் பயின்றவர்கள், பின்னர் பல ஊர்களில் சொந்தப் பட்டறை போட்டார்கள். பெருநகரங்களில் இப்போது வார இறுதி வகுப்புகளும் நடக்கின்றன. பூனைக் காது முளைத்த குவளை, யானைத் துதிக்கையே கைப்பிடியான குவளை என்று விளையாட்டாகச் செய்து பார்க்கிறார்கள். ஜவுளிக்கும் கிரானைட்டுக்கும் பெயர்போன பர்கூருக்கு இந்த நகரத்துப் பொழுதுபோக்கு எதற்கு என்று கேட்கலாம். ஆனால் கையால் கலம் செய்யும் வித்தை இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. பக்கத்துத் திருப்பத்தூர் மாவட்டத்துப் பையம்பள்ளியில் 1960களில் நடந்த அகழாய்வில், புதிய கற்கால மக்கள் கையால் வனைந்த சாம்பல் நிறக் கலங்கள் கிடைத்தன. பர்கூர் வட்டத்திலேயே தொகரப்பள்ளிக்கு அருகில் இருக்கிறது மயிலாடும்பாறை. அங்கு கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022இல் அறிவிக்கப்பட்டபோது ஊரே பேசியது. அதே அகழாய்வுக் குழிகளில் வந்த கருப்பு சிவப்புப் பானைகளைப் பற்றி அவ்வளவு பேச்சு எழவில்லை. அது நியாயமில்லை.

சக்கரம் சுற்றப் பழக மாதக்கணக்கில் ஆகும். கைவேலையை முதல் நாளே தொடங்கிவிடலாம். கொழுக்கட்டைக்குச் சொப்பு செய்வதுபோல மண்ணுருண்டையில் கட்டைவிரலை அழுத்தி, சுற்றிக்கொண்டே சுவரை மெலிதாக்க வேண்டும். உயரம் வேண்டுமானால் மண்ணைத் திரியாக உருட்டி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இழைத்துவிடலாம். சிக்கல் கைப்பிடியில்தான். மண் காயும்போது சுருங்கும். குவளை பாதி காய்ந்து, கைப்பிடி ஈரமாக இருந்தால் இரண்டும் வெவ்வேறு அளவில் சுருங்கி ஒட்டிய இடத்தில் விரிசல் விடும். அதனால் இரண்டையும் ஒரே பதத்தில் வைத்து, சேரும் இடத்தைக் கீறி, மண்குழம்பு தடவி அழுத்துவார்கள். யானைத் துதிக்கை தடிமனாக இருந்து உள்ளே ஈரம் தங்கினால், சூளையில் நீராவி அதை வெடிக்க வைத்துவிடும். விளையாட்டு உருவம்தான் இந்தக் கணக்கையெல்லாம் கற்றுத் தருகிறது.

இந்தப் பொழுதுபோக்கு குயவர் பிழைப்பைக் கெடுக்கும் என்பது கனமான ஆட்சேபம். ஆனால் அய்யனார் கோயில் குதிரைகளைக் கையாலேயே எழுப்புகிற வேளார் குயவர்கள்தான் இந்த வகுப்புக்குத் தகுந்த ஆசிரியர்கள். சக்கரத்தில் அடங்காத உருவம் அவர்களுக்குக் கைவந்த கலை. மணிப்பூரின் ஆண்ட்ரோ கிராமத்துப் பெண்களும் சக்கரமே இல்லாமல் பானை செய்கிறார்கள். கற்றுத் தருவதற்குக் கூலி கொடுத்தால் பானை விற்காத மாதத்திலும் வருமானம் உண்டு. ஒரு கோணல் குவளையைச் செய்து பார்த்தவர் அடுத்த முறை பானை வாங்கும்போது பேரம் பேசத் தயங்குவார் என்றே நம்புகிறேன்.

கடையில் குவளை மலிவாகக் கிடைக்கும்போது கையால் செய்ததில் ஏன் குடிக்க வேண்டும் என்பது இன்னொரு கேள்வி. சாதாரணச் சூளையில் வெந்த மண் நுண்துளைகளோடு இருப்பதால் தேநீரை உறிஞ்சும். தினசரிக் குவளைக்கு அதற்கேற்ற களிமண்ணும், சுமார் 1,200 டிகிரி செல்சியஸ் வெப்பமும், மேலே கண்ணாடிப் பூச்சும் வேண்டும். அப்படி ஒரு சூளை தனி ஒருவருக்குக் கட்டுப்படியாகாது. பத்துக் குடும்பங்கள் சேர்ந்தால் ஆகும். பொதுப் பட்டறை வேண்டும் என்பதற்கு இதுவே வலுவான காரணம். பர்கூரில் அதைத் தொடங்க நினைப்பவர்கள் முதலில் ஒரு வேளாரை ஆசிரியராக அமர்த்துங்கள். ஈயம் கலந்த பூச்சைப் பட்டறைக்குள் விடாதீர்கள்.