விஸா ஏன் மறுக்கப்படுகிறது?

மும்பையின் மாதுங்காவிலும் செம்பூரிலும், டில்லியின் கரோல் பாகிலும், கொல்கத்தாவின் லேக் மார்க்கெட் வட்டாரத்திலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் இன்று பிள்ளையோ பெண்ணோ அயல்நாட்டில் இருப்பதைக் காண்கிறோம். முன்னோர் பிழைப்பை நாடித் தாய்நாட்டுக்குள்ளேயே இடம் பெயர்ந்தனர். அவர்தம் மக்கள் கடலையும் கடந்தனர். ஆகவே மகளின் பேறுகாலத்திற்குத் துணை நிற்கவும், பேரனை ஒருமுறை மடியில் இருத்திக் கொஞ்சவும், முதிர்ந்த வயதில் பெற்றோர் நெடும் பிரயாணத்திற்கு ஆயத்தமாக வேண்டியிருக்கிறது. பொடிகளும் ஊறுகாயும் கட்டி வைத்த பிறகு, மனு ஏற்கப்படவில்லை என்னும் தாள் வந்து சேர்ந்தால் அவ்வீட்டில் உண்டாகும் மனத்தாங்கலை விவரிக்க வேண்டுவதில்லை. அதிகாரியின் அன்றைய மனநிலை சரியில்லை என்பார் ஒருவர். ஜாதகத்தில் கடல் கடக்கும் யோகம் இல்லை என்பார் மற்றொருவர். காரணம் பெரும்பாலும் இவ்விரண்டும் அன்று. அது சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது.

அமெரிக்க நாட்டின் குடியேற்ற, குடியுரிமைச் சட்டம் 1952ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அதன் 214ஆம் பிரிவின் 'பி' உட்பிரிவு, வருகையாளர் விஸா கோரும் ஒவ்வொருவரையும் அங்கேயே குடியேறும் எண்ணமுடையவர் என்று முதற்கண் கருதுமாறு அதிகாரியைப் பணிக்கிறது. அவ்வெண்ணம் தமக்கு இல்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு மனுதாரருடையது. நீதிமன்றத்தில் குற்றம் சாட்டுபவரே அதை நிரூபிக்க வேண்டும். இங்கே முறை தலைகீழாக இருக்கிறது. பிரிட்டனின் விதிகளும், கனடாவின் விதிகளும், ஐரோப்பாவில் 29 நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விஸா விதித்தொகுப்பும் சொற்களில் வேறுபட்டாலும், இவரைத் திரும்பிவரச் செய்வது எது என்னும் ஒரே வினாவைத்தான் கேட்கின்றன.

இவ்வினாவை உணராமையால் நம்மவர் செய்யும் முதற்பிழை, மகனின் செல்வத்தைக் காட்டுவது. அவனுடைய சம்பளச் சீட்டு, வரிக் கணக்கு, வீட்டின் படம், அழைப்புக் கடிதம் எனக் கட்டுக்கட்டாகக் கொண்டு செல்கின்றனர். மகன் செலவை ஏற்பான் என்பதற்கு அவை சான்றாகலாம். தாய் திரும்பிவருவாள் என்பதற்கு அவை சான்றாகமாட்டா. சொல்லப்போனால், அங்கே மாளிகையும் மகனும் இருக்க, இங்கே என்ன இருக்கிறது என்ற ஐயத்தையே அவை வளர்க்கக்கூடும். ஓய்வூதியம், சொந்த வீடு, இங்கிருக்கும் மற்றப் பிள்ளைகள், மாதந்தோறும் சிகிச்சை பெறும் கணவர், முன்பு வெளிநாடு சென்று உரிய காலத்தில் திரும்பிய முத்திரை ஆகியவையே பேசவேண்டிய சான்றுகள். மகன் அங்குக் குடிமகனாகிப் பெற்றோரை நிரந்தரமாக அழைத்துக்கொள்ள மனுச் செய்திருந்தால், வருகையாளர் விஸா கிடைப்பது மேலும் கடினமாகும். அதையும் படிவத்தில் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

பிற மாநிலங்களில் வாழும் நமக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு, அது பெயர். தமிழர் மரபில் குடும்பப் பெயர் இல்லை. தந்தையின் அல்லது ஊரின் பெயர் முன்னெழுத்தாக நிற்கும். இந்தியப் பாஸ்போர்ட்டோ முன்னெழுத்தை விரித்து எழுதச் சொல்கிறது. மகாராஷ்டிரத்து அலுவலகங்களோ தன் பெயர், தந்தை அல்லது கணவன் பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று கட்டங்களை நீட்டுகின்றன. மீனாட்சி என்னும் ஓர் அம்மையாரை எண்ணிப் பார்ப்போம். பள்ளிச் சான்றில் அவர் தந்தையின் முன்னெழுத்தோடு இருக்கிறார். வங்கி ஏட்டில் கணவரின் பெயரோடு இருக்கிறார். பாஸ்போர்ட்டில் பிறந்த ஊரும் சேர்ந்து நிற்கிறது. நமக்கு மூவரும் ஒருவரே. ஏடுகளை மட்டும் பார்த்துத் தீர்ப்பளிக்கும் அதிகாரிக்கு அவர்கள் மூவர்! பாஸ்போர்ட்டில் உள்ளபடியே மற்ற ஆவணங்களையும் முன்கூட்டித் திருத்திக்கொள்வது நன்று. இயலாவிடில் இவையனைத்தும் ஒருவரையே குறிக்கும் என்னும் உறுதிமொழிப் பத்திரமொன்றை இணைக்கலாம். பாஸ்போர்ட்டில் தஞ்சை மாவட்டத்து முகவரியும் மனுவில் புனே முகவரியும் இருந்தால், எத்தனை ஆண்டுகளாக எங்கு வாழ்கிறோம் என்று ஒரு பத்தியில் விளக்கிவிட வேண்டும். ஊரிலுள்ள நிலத்தின் பட்டா தமிழில் இருக்குமாதலால், ஆங்கில மொழிபெயர்ப்பும் உடன் இருக்க வேண்டும்.

பணத்தைப் பொறுத்தவரை, அதன் அளவைக் காட்டிலும் அதன் வரலாறே நோக்கப்படுகிறது. மாதம் முப்பதாயிரம் ரூபாய் வந்துபோகும் கணக்கில், மனுவுக்கு முந்தைய வாரம் ஐந்து லட்சம் வந்து விழுந்தால், அது யாருடைய பணம் என்ற வினா எழாமல் இராது. நிலம் விற்றதாகவோ வைப்புத்தொகை முதிர்ந்ததாகவோ இருந்தால் அதன் பத்திரத்தை வைத்துவிட்டால் போதும்.

ஷெங்கன் விஸாவில் வேறொரு தவறு மலிந்திருக்கிறது. எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்நாட்டின் தூதரகத்திலேயே மனுச் செய்ய வேண்டும் என்பது விதி. முன்பதிவு எளிதில் கிடைக்கிறதென்று வேறு நாட்டை அணுகி, அதற்கேற்பப் பொய்யான பிரயாணத் திட்டம் தீட்டுவோர் அகப்பட்டுக்கொள்கின்றனர். முப்பதாயிரம் யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் அங்கே கட்டாயம்.

பிரிட்டன் பெரும்பாலும் ஏடுகளைக் கொண்டே முடிவு செய்கிறது. அமெரிக்காவோ நேர்காணலை நம்புகிறது; அது சில நிமிஷங்களில் முடிந்துவிடும், கொண்டுசென்ற கோப்பைப் பிரிக்காமலே முடிவதும் உண்டு. 79 வயதைக் கடந்தவர்களுக்கு முன்பு இருந்த விலக்கு 2025 செப்டம்பரிலிருந்து பொதுவாக நீக்கப்பட்டுவிட்டது. ஆகவே எண்பது வயதுப் பாட்டியாரும் நேரில் செல்ல வேண்டியவரே. டில்லி, மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், சென்னை ஆகிய ஐந்து இடங்களில் அமெரிக்க விஸா அலுவலகங்கள் உள்ளன. தமிழில் விடை கூற விரும்பும் முதியோர் சென்னையைத் தேர்ந்துகொள்வது நலம். எதற்காகப் போகிறீர்கள், எத்தனை நாள், யார் செலவு செய்கிறார்கள் என்ற வினாக்களுக்குப் படிவத்தில் எழுதிய அதே விடையை நேராகச் சொன்னால் போதும். படிவத்தை மகன் அங்கிருந்தபடியே கணினியில் நிரப்பி, அதிலுள்ளதைத் தாயார் அறியாமலே நேர்காணலுக்குச் செல்லும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. முரண்பாடு பிறப்பது பெரும்பாலும் அங்கேதான்.

இனித் தரகர்களைப் பற்றி ஒரு சொல். இல்லாத வேலைக்குச் சான்றும், இல்லாத கணக்குக்கு அறிக்கையும் செய்து தருவோர் எல்லா நகரங்களிலும் உளர். பொய் வெளிப்பட்டால் பிரிட்டன் பத்தாண்டும் கனடா ஐந்தாண்டும் கதவடைக்கக்கூடும்; அமெரிக்கச் சட்டத்தில் அத்தடைக்குக் கால எல்லையே இல்லை. முந்தைய மறுப்பை மறைப்பதும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. வெட்கத்தால் மறைப்போர் பலர். ஷெங்கன் நாடுகளின் பொதுக் கணினிப் பதிவேட்டில் அது ஐந்தாண்டு இருக்கும். அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து ஆகியவை தமக்குள் செய்திகளைப் பகிர்ந்துகொள்கின்றன. மறுப்பு என்பது அன்று காட்டிய சான்று போதவில்லை என்பதேயன்றி, ஒருவருடைய மானத்தின்மீது எழுதிய தீர்ப்பன்று. அதை ஒளிப்பதற்கு என்ன அவசியம்?

மறுப்புத் தாள் வந்துவிட்டால் முதலில் அதன் பிரிவை நோக்க வேண்டும். அமெரிக்கத் தாளில் 221ஆம் பிரிவின் 'ஜி' என்றிருந்தால், ஆவணமோ விசாரணையோ எஞ்சியிருக்கிறது என்று பொருள். கேட்டதை ஓராண்டுக்குள் கொடுத்தால் புதிய கட்டணமின்றி மனு தொடரும். 214 'பி' என்றிருந்தால் மேல்முறையீடு கிடையாது. எப்போது வேண்டுமாயினும் மறுபடி மனுச் செய்யலாம். ஆனால் 2023இல் 185 டாலராக உயர்ந்த கட்டணம் திரும்பக் கிடைக்காது. நிலைமையில் ஏதும் மாறாமல் மறு மாதமே வரிசையில் நிற்பது பணத்தை நீரில் விடுவதேயாகும். பிரிட்டனில் உறவினரைக் காணச் செல்வோருக்கிருந்த முழு மேல்முறையீட்டு உரிமை 2013 ஜூன் 25இல் எடுக்கப்பட்டது. கடிதத்தில் கண்ட ஒவ்வொரு குறைக்கும் விடையளித்துப் புதிய மனுச் செய்வதே அங்கு நடைமுறை வழி. ஷெங்கன் மறுப்பு அச்சிட்ட படிவத்தில் காரணம் குறிக்கப்பட்டு வரும். மறுத்த நாட்டின் சட்டப்படி முறையிட உரிமை உண்டு. கெடுவும் அத்தாளிலேயே இருக்கும். ஜெர்மனி மட்டும் தூதரகத்திடமே மறுபரிசீலனை கோரும் முறையை 2025 ஜூலை 1 முதல் கைவிட்டதால், அங்கு நீதிமன்றமே எஞ்சியிருக்கிறது.

கனடா 2025 ஜூலை இறுதியிலிருந்து சில மறுப்புக் கடிதங்களோடு அதிகாரியின் குறிப்பையும் சேர்த்து அனுப்பி வருகிறது. குறிப்பு வராதவர்கள் தம் இசைவைக் கொடுத்து, அங்கு வசிக்கும் மகனைக் கொண்டு ஐந்து டாலர் கட்டணத்தில் கோப்பின் நகலைப் பெறலாம். கூட்டாட்சி நீதிமன்றத்தை அணுக எண்ணுவோருக்குக் கெடு அறுபது நாளேயாதலால், நகல் வரும்வரை வாளாவிருக்காமல் வழக்கறிஞரைக் கலந்துகொள்ள வேண்டும்.