425 என்கிற எண்: சீனாவின் கல்லூரி ஆங்கிலத் தேர்வுக்கு எப்படிப் படிக்கிறாங்க?

போன எபிசோடில் காவ்காவ் பத்திப் பேசினோம், ஞாபகம் இருக்கா? சீனாவில் பள்ளி முடிஞ்சதும் எழுதுற கல்லூரி நுழைவுத் தேர்வு. அதைக் கேட்டுட்டு நிறைய பேர் அனுப்பின கேள்வி: "அதைத் தாண்டி காலேஜுக்குள்ள போயிட்டா அப்புறம் நிம்மதிதானே?"

இல்லை. உள்ளே போனதும் இன்னொண்ணு காத்திருக்கு. சி.ஈ.டி. என்கிற கல்லூரி ஆங்கிலத் தேர்வு. நாலாம் லெவல், ஆறாம் லெவல்னு ரெண்டு இருக்கு. சீன மாணவர்கள் இதை "ஸுஜி", "லியூஜி"ன்னு சொல்வாங்க. ஸுஜின்னா யாரோ ஒரு பொண்ணு பேரு மாதிரி இருக்கும், ஆனா அர்த்தம் "நாலாம் படி", அவ்வளவுதான். நாலாம் லெவல் 1987இல் தொடங்கியது. ஆறாம் லெவல் 1989இல். ஆண்டுக்கு இரண்டு முறை, ஜூனிலும் டிசம்பரிலும் நடக்கும். எழுதுபவர்கள் ஆண்டுக்கு ஒரு கோடிக்கு மேல். சிவில் இன்ஜினியரிங் படிக்கிறவரும் எழுதுவார், கணக்கியல் படிக்கிறவரும் எழுதுவார்.

இந்தத் தேர்வில் மொத்த மதிப்பெண் 710. ஏன் 700 இல்லை, ஏன் 1000 இல்லை? நான் சீனாவில் படிச்சப்போ அங்கே இருந்த மாணவர்கள்கிட்டயே கேட்டிருக்கேன். பாதிப் பேருக்குப் பதில் தெரியாது.

விஷயம் இதுதான். எத்தனை கேள்வி சரி என்பதை அப்படியே கூட்டி மதிப்பெண் போடுவதில்லை. நாலாம் லெவலுக்கு 16 பல்கலைக்கழகங்களிலிருந்து சுமார் 30,000 மாணவர்களை ஒப்பீட்டுக் குழுவாக எடுத்துக்கிட்டாங்க. அந்தக் குழுவின் சராசரி 500 என்றும், திட்ட விலக்கம் 70 என்றும் வைத்தார்கள். ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பேப்பரில் வந்த அதே திட்ட விலக்கம்தான். சராசரிக்கு மேலே மூணு விலக்கம் போனா 500 கூட்டல் 210, அதாவது 710. கீழே நாலு விலக்கம் போனா 220. அதனால உங்க மதிப்பெண் சொல்வது, அந்தக் கூட்டத்துக்குப் பக்கத்தில் உங்களை நிறுத்தினால் நீங்க எங்கே நிற்பீங்க என்பதைத்தான்.

சரி, 425? 2005ஆம் ஆண்டு சீர்திருத்தத்துக்கு முன்னாடி இது 100 மதிப்பெண் தேர்வு. 60 எடுத்தா பாஸ், சான்றிதழும் உண்டு. இப்போ அதிகாரபூர்வமாகப் பாஸும் இல்லை, ஃபெயிலும் இல்லை. மதிப்பெண் பட்டியல் மட்டும் தருவாங்க. ஆனா நாலாம் லெவலில் 425 எடுத்தாத்தான் ஆறாம் லெவலுக்குப் பதிவு செய்யலாம்னு ஒரு விதி இருக்கு. அந்த ஒரு வரியைப் பிடிச்சுக்கிட்டு ஊரே 425ஐ பாஸ் மார்க் ஆக்கிடுச்சு. வேலை விளம்பரத்திலும் அதே எண், சில அரசுப் பணியிட அறிவிப்புகளிலும் அதே எண்.

பல பல்கலைக்கழகங்கள் ரொம்ப நாளா பட்டத்தையே இதோடு கட்டிப் போட்டிருந்தன. அந்தக் கட்டு இப்போ தளர்ந்துக்கிட்டு வருது. 2023 செப்டம்பரில் ஷியான் ஜியாவ்தோங் பல்கலைக்கழகம், இனி பட்டம் பெற இந்த மதிப்பெண் நிபந்தனை இல்லைன்னு அறிவித்தபோது அது நாடு முழுக்கப் பேச்சாச்சு. ஆனா கல்லூரி கேட்காட்டியும் கம்பெனி கேட்குதே! அதோட இன்னொரு இறுக்கம்: கல்லூரியில் மாணவராக இருக்கும்போது மட்டும்தான் எழுத முடியும். பட்டம் வாங்கிட்டா கதவு மூடிடும். "அப்புறம் நிதானமா எழுதிக்கலாம்" என்பதற்கு இடமே கிடையாது.

இப்போ, எப்படிப் படிக்கிறாங்க?

முதலில் எல்லாரும் செய்வது வார்த்தை மனப்பாடம். நாலாம் லெவலுக்குச் சுமார் 4,500 சொற்கள். அகர வரிசையில் அச்சடித்த புத்தகங்களில் முதல் பக்கத்திலேயே நிற்கும் சொல் "அபாண்டன்", கைவிடு. சீன மாணவர்களிடையே இது பழைய ஜோக்: முதல் நாள் அபாண்டன் படிச்சோம், அன்னைக்கே புத்தகத்தை அபாண்டன் பண்ணிட்டோம். இப்போ புத்தகத்தின் இடத்தில் செயலிகள். பைசிஜான், மோமோ, ஷான்பெய்னு பல இருக்கு. எத்தனை நாள் விடாமல் படிச்சீங்கன்னு எண்ணிக் காட்டும். மெட்ரோவில் நின்னுக்கிட்டே கட்டைவிரலால் 50 சொல் தள்ளிட்டுப் போறவங்களை நான் தினமும் பார்த்திருக்கேன்.

என் அபிப்பிராயம், செயலி தப்பில்லை. ஆனா அது படிச்ச திருப்தியைச் சுலபமா கொடுத்துடும். மதிப்பெண் எங்கே இருக்குன்னு பார்த்தா இது புரியும். கேட்டலுக்கு 35 சதவீதம், வாசித்தலுக்கு 35, கட்டுரைக்கு 15, மொழிபெயர்ப்புக்கு 15. வாசித்தல் பகுதிக்குள்ளேயே மூணு வகைக் கேள்வி இருக்கு. ஒரு பத்தியில் 10 கோடிட்ட இடம், கீழே 15 சொற்கள், பொருத்தணும். இது ஒவ்வொண்ணுக்கும் 3.55 மதிப்பெண். நீளமான கட்டுரையில் எந்தக் கருத்து எந்தப் பத்தியில் இருக்குன்னு கண்டுபிடிப்பது 7.1. இரண்டு சின்னக் கட்டுரைகளை ஊன்றிப் படித்துப் பதில் சொல்வது ஒவ்வொண்ணும் 14.2. அதாவது கடைசி வகையில் ஒரு கேள்வி, கோடிட்ட இடம் நாலுக்குச் சமம். ஆனா வினாத்தாளில் கோடிட்ட இடம்தான் முதலில் வரும்! வரிசையா போடுறவங்க அதிலேயே 15 நிமிஷம் மாட்டிக்குவாங்க. விவரம் தெரிஞ்சவங்க அதைக் கடைசிக்குத் தள்ளிடுவாங்க. இது ஆங்கில அறிவே இல்லை, கூட்டல் கழித்தல்தான். அதனாலதான் பழைய வினாத்தாள்களுக்கு, அவங்க ஜென்தின்னு சொல்வாங்க, அவ்வளவு மவுசு.

கேட்டல் பகுதியைக் கொஞ்சம் நிதானமா சொல்றேன், ஏன்னா நிறைய பேர் விழுவது அங்கேதான். பல கல்லூரிகளில் ஒலிப்பதிவை எஃப்.எம். அலைவரிசையில் ஒலிபரப்புவாங்க. ஒவ்வொரு மாணவரும் ரேடியோ ஹெட்போன் வாங்கிட்டு வரணும். சீனியர்கள் பட்டம் வாங்கிப் போகும்போது ஜூனியர்களுக்கு விற்றுட்டுப் போற சாமான்களில் இதுவும் ஒண்ணு. தேர்வுக்கு முந்தின நாள் சோதனை ஒலிபரப்பு நடக்கும்போது ஹாஸ்டல் மாடியில் ஒவ்வொருத்தரும் ஹெட்போனைத் திருகிக்கிட்டு நிற்பாங்க. பேட்டரி புதுசா போடுங்கப்பா என்பதுதான் அன்னைக்கு எல்லாரும் கொடுக்கிற அறிவுரை.

நாலாம் லெவலில் மூணு செய்தி, இரண்டு உரையாடல், மூணு சின்னப் பேச்சு. மொத்தம் 25 நிமிடம். ஒரு தடவைதான் ஓடும். முடிந்ததும் முதல் விடைத்தாளை உடனே வாங்கிடுவாங்க. முதலில் வினாத்தாளில் குறிச்சுட்டு, அப்புறம் வட்டத்தை நிரப்பலாம்னு நினைச்சா முடிஞ்சது கதை.

நான் படிச்ச நான்ஜிங்கில் எனக்கு ஒரு யூபான் இருந்தாங்க. யூபான்னா மொழித் துணை. வெளிநாட்டு மாணவர்களுக்குச் சீன மொழித் தேர்வு இருக்கும், அவங்களுக்கு ஸுஜி இருக்கும். வாரத்தில் ரெண்டு நாள் கேண்டீனில் உட்கார்ந்து, ஒரு மணி நேரம் எனக்கு அவங்க, அடுத்த ஒரு மணி நேரம் அவங்களுக்கு நான். 2018 டிசம்பர் தேர்வில் அவங்க எடுத்தது 418. ஏழு மதிப்பெண் குறைவு. அவங்க கடைசி ஆண்டு மாணவி. சொந்த ஊர் அரசு அலுவலகத்தில் ஒரு பணியிடத்துக்கு விண்ணப்பிக்க நினைச்சாங்க, அதுக்கு 425 கேட்டிருந்தாங்க. மிச்சம் இருந்தது 2019 ஜூன் தேர்வு ஒண்ணே ஒண்ணுதான்.

மதிப்பெண் பட்டியலைப் பிரிச்சுப் பார்த்தோம். வாசித்தல் 158, எழுத்தும் மொழிபெயர்ப்பும் சேர்த்து 132, கேட்டல் 128. சொல் தெரியாத பிரச்சினையே இல்லை. எழுத்தில் பார்த்தா தெரிகிற சொல், காதில் விழுந்தா தெரியலை. "ஷுட் ஹேவ்" என்பது செய்தியில் "ஷுடவ்"னு ஓடிடும். சப்டைட்டில் இல்லாமல் ஆங்கிலப் படம் பார்த்த யாருக்கும் இது புரியும்.

அதுக்கு அங்கே ஒரு பழைய வழி இருக்கு, ஜிங்திங்னு பேரு, ஊன்றிக் கேட்பது. ஒரே ஒரு பழைய செய்தியை எடுத்து, ஒரு வாக்கியம் கேட்டு நிறுத்தி எழுதணும். திரும்பக் கேட்கணும், விட்டதை நிரப்பணும். கடைசியில் மூலத்தோட ஒப்பிட்டு, எந்த இடத்தில் காது ஏமாந்ததுன்னு வட்டம் போடணும். ஒரு நிமிடச் செய்திக்கு முக்கால் மணி நேரம் ஆகும். ரொம்ப அலுப்பான வேலை. செயலி மாதிரி யாரும் கைதட்ட மாட்டாங்க. ஆனா மூணு வாரத்தில் அவங்க போட்ட வட்டங்கள் எல்லாம் ஒரே மாதிரி இடங்களில் விழுந்தன: சொல் முடிவில் வர்ற "ட்", எண்கள், "பட்" வந்ததும் திரும்புகிற வாக்கியம். அதுக்கப்புறம் எதைக் கவனிக்கணும்னு தெரிஞ்சுபோச்சு.

கட்டுரைக்கு எல்லாரும் வார்ப்பு வாக்கியங்களை மனப்பாடம் பண்ணிட்டுப் போவாங்க. "இன்றைய வேகமான சமூகத்தில்" என்று தொடங்கும் அந்தச் சரக்கு. திருத்துபவர் முழுக்கட்டுரையின் ஒட்டுமொத்த அபிப்பிராயத்தை வைத்து 15க்கு 14, 11, 8, 5, 2 என்கிற படிகளில் ஒண்ணில்தான் முதலில் வைப்பார். ஒரே நாளில் நூறு தடவை அந்தத் தொடக்கத்தைப் பார்க்கிற மனுஷர் என்ன நினைப்பார்னு நீங்களே யோசிங்க.

எனக்குப் பிடிச்ச பகுதி மொழிபெயர்ப்பு. 2013 டிசம்பரிலிருந்து ஒரு சீனப் பத்தி கொடுத்து ஆங்கிலத்தில் எழுதச் சொல்றாங்க. நாலாம் லெவலுக்கு 140இலிருந்து 160 சீன எழுத்துகள். பொருள் பெரும்பாலும் சீனப் பண்பாடு, வரலாறு, பொருளாதாரம். தேர்வு முடிஞ்ச அன்னைக்கு இணையம் முழுக்க இந்தப் பகுதியின் விடைகளை வைத்துத்தான் சிரிப்பு ஓடும். 2019 டிசம்பர் ஆறாம் லெவலில் தாமரை, பியோனி, பிளம் பூ பற்றியெல்லாம் வந்தது. தினமும் பார்க்கிற பூவுக்கு ஆங்கிலப் பேர் தெரியாமல் தவிச்சவங்க எத்தனை பேர்!

இங்கேதான் சொல் பட்டியல் கைவிடும். தெரியாத பேரைத் தெரிஞ்ச சொற்களால் சுற்றி வளைக்கத் தெரியணும். நாங்க அதையே விளையாட்டா பண்ணினோம். அவங்க ஒரு சீனப் பொருளைப் பேர் சொல்லாமல் ஆங்கிலத்தில் விளக்கணும், நான் கண்டுபிடிக்கணும். அப்புறம் என் முறை. நான் கோலத்தை விளக்கினேன். "தினமும் அழிஞ்சுபோகும்னு தெரிஞ்சும் எதுக்கு வரையணும்?"னு கேட்டாங்க. அன்னைக்கு ஆங்கில வகுப்பு அதோட சரி.

2019 ஜூன் நாலாம் லெவல் தாள்களில் வந்தவை காகித வெட்டுக் கலை, சிங்க நடனம், சீன விளக்கு. ஒரே அரங்கில் வேறு வேறு தாள் கொடுப்பாங்க. அவங்களுக்கு வந்தது விளக்கு. நமக்கு "லாந்தர்" பழகின சொல். அவங்களுக்கு அந்த நேரத்தில் "லேன்டர்ன்" வரவே இல்லை. "ரெட் பேப்பர் லேம்ப்"னு எழுதிட்டு அடுத்த வரிக்குப் போயிட்டாங்க. நல்ல முடிவு. ஒரு சொல்லுக்காக அஞ்சு நிமிஷம் உட்கார்ந்திருந்தா மீதிப் பத்தி போயிருக்கும்.

இவ்வளவு சொன்னேன், பேசுவதைப் பத்தி ஒண்ணுமே சொல்லலையேன்னு கேட்கலாம். எழுத்துத் தேர்வில் அது இல்லை. பேச்சுத் தேர்வு தனியாக, கணினி முன்னால் நடக்கும், விருப்பம் இருந்தா எழுதலாம். ஆங்கிலம் படிச்சும் வாய் திறக்க முடியாத நிலைக்குச் சீனாவில் "ஊமை ஆங்கிலம்"னே பேரு உண்டு. 1990களில் "கிரேஸி இங்கிலீஷ்"னு அரங்கம் அரங்கமா மக்களைக் கத்த வைத்துப் புகழ்பெற்ற லீ யாங்கும், லான்ஜோ பல்கலைக்கழகத்தில் இந்த நாலாம் லெவலுக்காகத் திறந்தவெளியில் கத்திப் படிக்கப்போய்த்தான் அந்த முறை உருவாச்சுன்னு சொல்வார். நம்ம யூபானும் காலையில் ஏரிக்கரையில் நின்னு சத்தமா வாசிப்பாங்க. ஆனா என்கிட்ட ஆங்கிலத்தில் நாலு வாக்கியம் சேர்ந்தாப்ல பேச அவங்களுக்கு மாசக்கணக்கில் ஆச்சு.

ஆகஸ்டில் மதிப்பெண் வந்தது. 447. கேட்டல் 151. செய்தி அனுப்பும்போது கூடவே ஒரு வரி போட்டிருந்தாங்க: "இப்போ எனக்கு லியூஜி எழுதத் தகுதி வந்துடுச்சு, ஆனா நான் மாணவி இல்லை."