குடும்பத்திற்கு ஏற்ற நாட்காட்டி எது?

ஆண்டு முடிவில் தோட்டத்து வீடுகளுக்கு நாட்காட்டிகள் வந்து சேர்கின்றன. பட்டணத்து மளிகைக் கடைக்காரர் ஒன்று கொடுக்கிறார். நகைக்கடையிலிருந்து ஒன்று வருகிறது. கோயில் நிருவாகத்தார் ஒன்று அளிக்கின்றனர். விலை கொடுத்து வாங்காத பொருளாதலால், அவற்றுள் எது நமக்குப் பயன்படும் என்று நாம் ஆராய்வதில்லை. படம் அழகாக உள்ளது முன்னறைச் சுவரில் தொங்குகிறது. மற்றவை சுருட்டியபடியே கிடக்கின்றன. ஆனால் கணவனும் மனைவியும் வேலைக்குச் செல்லும் ஒரு வீட்டில் நாட்காட்டி அலங்காரப் பொருள் அன்று. அது கணக்குப் புத்தகத்திற்கு நிகரான ஒரு கருவி. ஆகவே அதைத் தேர்ந்தெடுக்கும் முறையையும் பயன்படுத்தும் முறையையும் பற்றி இவ்விதழில் சிறிது விரிவாகக் கூற விரும்புகிறோம்.

பால்மரத் தொழிலாளியின் நாள் பிறருடைய நாளைப் போன்றதன்று. விடியற்காலையில் மரத்தின் பால் குழாய்களில் அழுத்தம் மிகுதியாக இருப்பதால் அப்போது வெட்டினால்தான் பால் நன்கு ஓடும். அதனால் பெரட்டுக்குச் செல்பவர்கள் இருட்டிலேயே எழ வேண்டியிருக்கிறது. பாலை எடுத்து, நிறுத்துக் கொடுத்து, வீடு திரும்பும்போது நண்பகல் ஆகிவிடுகிறது. மருந்தகமும் பதிவிலாகாவும் பள்ளி அலுவலகமும் திறந்திருக்கும் நேரத்தின் பெரும்பகுதி அதற்குள் கழிந்துவிடும். பட்டணத்தில் வாழ்பவர் மறந்துபோன ஒரு வேலையை மறுநாள் மதிய இடைவேளையில் முடித்துக்கொள்ளலாம். நாம் மறந்தால் ஒரு நாள் சம்பளமும் பேருந்துக் கட்டணமும் போகின்றன. சில வேளைகளில் அவற்றினும் பெரிய இழப்பும் நேர்கிறது.

நாள் கிழிக்கும் நாட்காட்டியை முதலில் எடுத்துக்கொள்வோம். தமிழ்த் தேதி, திதி, நட்சத்திரம், இராகு காலம் ஆகியவற்றை அறிய அதைவிட வசதியானது வேறில்லை. எனினும், அது இன்றைய நாளை மட்டுமே காட்டுகிறது. நேற்றைய தாள் குப்பைக்குப் போய்விட்டது. நாளைய தாள் கண்ணுக்குத் தெரிவதில்லை. திட்டமிடுவதற்கு அது உதவாது. பூசையறைப் பக்கம் அது இருக்கட்டும்.

தெய்வப் படம் அச்சிட்ட பெரிய நாட்காட்டிகளில் வேறொரு சிக்கல் உண்டு. படத்தின் அடியில் தேதிகளுக்குக் கிடைப்பது ஒரு சாண் இடந்தான். மேலும், முருகன் படத்தின் மீது பேனாவை வைக்க நம் தாய்மார்களுக்கு மனம் வருவதில்லை. அந்த மரியாதை போற்றத்தக்கதே. அதனால்தான் எழுதுவதற்கென்று தனியே ஒரு நாட்காட்டி வேண்டும் என்கிறோம்.

நிறுவனங்கள் அளிக்கும் தடித்த நாட்குறிப்பேடு பார்வைக்குக் கம்பீரமானது. நாளுக்கு ஒரு பக்கம் எழுதுவதற்கு நம்மில் யாருக்கு நேரம் இருக்கிறது? சனவரியில் நான்கு பக்கம் நிரம்பும். பிப்ரவரிக்குள் அது பிள்ளைகளின் கிறுக்கல் புத்தகமாகிவிடும். இக்காலத்தில் புத்தகக் கடைகளில் ‘பிளேனர்’ என்ற பெயரில் விற்கும் வண்ண ஏடுகளுக்கும் இதே கதிதான். விலை மட்டும் கூடுதல்.

நாம் பரிந்துரைப்பது, நம் நாட்டில் பலரும் நன்கறிந்த கட்டம் போட்ட மாத நாட்காட்டியையே. பந்தய நாள்களுக்குக் குதிரைப் படம் போட்டிருப்பதால் ‘குதிரை நாட்காட்டி’ என்று வழங்கும் வகையும் இதைச் சேர்ந்ததே. (குதிரையை நாம் பொருட்படுத்த வேண்டியதில்லை.) ஒரு மாதம் முழுவதும் ஒரே பார்வையில் தெரியும். வாங்கும்போது சிலவற்றைக் கவனிக்க வேண்டும். கட்டைவிரலைக் கட்டத்தின் மேல் வைத்துப் பாருங்கள். விரலைச் சுற்றி இரண்டு வரி எழுத இடம் மிஞ்ச வேண்டும். வழவழப்பான தாளில் பேனா மை பிடிக்காது. நம் ஈரக்காற்றில் எழுத்து கலைந்தும் போகும். ஆதலின் ஓர் ஓரத்தில் பேனாவால் கோடிட்டுப் பார்த்து வாங்குவது நல்லது. கடைக்காரர் கோபித்துக்கொண்டால் சிரித்து விடுங்கள்.

எல்லா மாநிலங்களின் விடுமுறைகளும் அதில் குறிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதும் முக்கியம். கெடா, கிளந்தான், திரங்கானு மாநிலங்களில் வெள்ளியும் சனியும் வார விடுமுறை. ஜொகூரில் 2014 முதல் அவ்வாறு இருந்து, 2025 சனவரி 1 முதல் சனி, ஞாயிறு என்று மாறியது. கெடாவில் வேலை செய்யும் தந்தை பேராக்கிலுள்ள இடைநிலைப் பள்ளி விடுதியில் மகளைச் சேர்த்திருந்தால், இருவருடைய ஓய்வு நாளும் ஒன்றாக வருவது சனிக்கிழமை மட்டுமே. பள்ளி ஆண்டும் அண்மையில் இடம் மாறியிருக்கிறது. 2022 இல் மார்ச் மாதத்திற்குத் தள்ளப்பட்ட பள்ளித் தொடக்கம் 2026 இல் மீண்டும் சனவரிக்கு வந்துள்ளது. பழைய நினைவை நம்பிப் பயணச்சீட்டு எடுப்பவர்கள் ஏமாற நேரும்.

நாட்காட்டியை மாட்டிய அன்றே எழுதத் தொடங்க வேண்டும். தோட்ட அலுவலக அறிவிப்புப் பலகையே முதலில் பார்க்க வேண்டியது. வேலைச் சட்டத்தின்படி ஆண்டுக்குப் பதினொரு பொது விடுமுறைகள் சம்பளத்துடன் உண்டு. அவற்றுள் ஐந்து கட்டாயமானவை: தேசிய நாள், மலேசிய நாள், தொழிலாளர் நாள், பேரரசர் பிறந்தநாள், மாநில ஆட்சியாளர் பிறந்தநாள். எஞ்சிய ஆறு எவை என்பதை ஆண்டு பிறக்குமுன் நிருவாகம் எழுதி ஒட்ட வேண்டும். அச்சிட்ட நாட்காட்டியில் சிவப்பாயிருக்கும் நாளெல்லாம் உங்கள் தோட்டத்தில் விடுமுறை என்று எண்ணிவிடலாகாது. பலகையைப் பார்த்து அந்த ஆறு நாள்களையும் வட்டமிடுங்கள். அத்துடன் உங்கள் ஆண்டு விடுமுறையையும் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டாண்டுக்குக் குறைவான சேவைக்கு 8 நாள், ஐந்தாண்டுக்குக் குறைவாயின் 12 நாள், அதற்கு மேல் 16 நாள் என்பது சட்டம் வகுத்த குறைந்த அளவு. ஒரு நாள் எடுத்தவுடன் ஒன்றைக் குறைத்து எழுதினால், ஆண்டு இறுதியில் ‘இன்னும் எத்தனை பாக்கி?’ என்ற வாக்குவாதம் எழாது.

அடுத்து வருவன பதிவு சம்பந்தப்பட்ட நாள்கள். இவற்றைப் பற்றிச் சற்று அழுத்தமாகவே கூற வேண்டியிருக்கிறது. தீபகற்ப மலேசியாவில் பிறந்த குழந்தையின் பிறப்பை 60 நாள்களுக்குள் பதிந்துவிட வேண்டும். தவறினால் தாமதப் பதிவு என்று தனி விசாரணை, தனி ஆவணங்கள், பல நடை. நம்மவருள் சிலர் பெற்றோர் பதியாமல் விட்ட ஒரு தாளுக்காக நரை கண்ட பின்னும் அலைந்துகொண்டிருக்கின்றனர். பள்ளியில் சேர்வதும் அடையாள அட்டை பெறுவதும் அந்தத் தாளிலிருந்தே தொடங்குகின்றன. ஆகவே குழந்தை பிறந்த அன்றே அறுபதாம் நாளை எண்ணிக் குறியுங்கள். அதோடு நின்றுவிடாமல் முப்பதாம் நாளையும் குறியுங்கள். கடைசி நாளை மட்டும் குறிப்பவர் கடைசி நாளில்தான் புறப்படுவார். அன்று மழை பெய்யும், அல்லது பேருந்து வராது.

இவ்வாறு பின்னோக்கி எண்ணும் பழக்கம் எல்லாவற்றிற்கும் பொருந்தும். பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது நிறைந்ததும் மைகார்டுக்கு மனுச் செய்ய வேண்டும். பதினெட்டு வயதில் அதை மாற்ற வேண்டும். திருமணத்தைக் கோயிலில் நடத்தினால் மட்டும் போதாது என்பது 1982 மார்ச் முதல் நடைமுறையிலுள்ள சட்டம். பதிவதற்கான அறிவிப்பு 21 நாள் வெளியிடப்பட வேண்டும். முகூர்த்த நாளைச் சிவப்பு மையால் எழுதும் கையோடு, அதற்கு ஒன்றரை மாதம் முன்னால் ‘பதிவிலாகா’ என்றும் எழுதுங்கள். கைக்குழந்தையின் தடுப்பூசிக்கு இரண்டு, மூன்று, ஐந்து மாதங்களும், பிறகு ஒன்பது, பன்னிரண்டு, பதினெட்டு மாதங்களும் முக்கியமானவை. இடையிலும் சில உண்டு. மருந்தகத்தில் கொடுக்கும் புத்தகத்தைப் பார்த்து முழுவதையும் ஒரே இருப்பில் எழுதிவிடலாம்.

நாட்காட்டியின் இன்னொரு பயன் சம்பளக் கணக்கு. ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து வந்தவுடன் அன்றைய கட்டத்தில் பால் இத்தனை கிலோ, கட்டிப்பால் இத்தனை கிலோ என்று எழுதிவிட வேண்டும். மழையால் வெட்டு நின்றிருந்தால் ‘மழை’ என்றும், வேறு வேலைக்கு அனுப்பப்பட்டிருந்தால் அதையும் குறிக்க வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டும் தோட்டமாயின் எந்தக் காட்டில் வெட்டினோம் என்பதற்கு ‘அ’, ‘ஆ’ என்ற எழுத்தே போதும். சம்பளக் காலம் முடிந்த ஏழாம் நாளுக்குள் சம்பளம் தரப்பட வேண்டும் என்பது சட்டம். சீட்டு கைக்கு வந்த மாலையே இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். வேறுபாடு கண்டால் முதலில் கிராணியாரிடம் அமைதியாகக் காட்டலாம். பெரும்பாலும் கூட்டல் பிழையாகவே இருக்கும். தீராவிடில் தொழிற்சங்கமும் தொழிலாளர் இலாகாவும் இருக்கின்றன. ‘போன மாதம் ஏதோ குறைந்தது’ என்று கூறுபவரைக் காட்டிலும், ‘14 ஆம் தேதி 23 கிலோ’ என்று கூறுபவருக்கு எந்த மேசையிலும் மதிப்பு அதிகம். வேலையிடத்திலோ வேலைக்குச் செல்லும் வழியிலோ விபத்து நேர்ந்தாலும் நேரத்தையும் இடத்தையும் அன்றைய கட்டத்திலேயே எழுதுங்கள். நிருவாகம் 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். உங்கள் குறிப்பு அதற்குத் துணையாகும்.

பன்னிரண்டு மாதங்களையும் ஒருசேரப் புரட்டிப் பார்த்தால் நம் வாழ்வின் ஒரு முரண்பாடு புலப்படும். அக்டோபர் அல்லது நவம்பரில் தீபாவளி. சனவரியில் பொங்கலும் பள்ளிச் செலவும். அடுத்துத் தைப்பூசம். இவ்வளவும் முடிந்து கை காலியாக இருக்கும் வேளையில்தான் பால்மரம் இலையுதிர்க்கத் தொடங்குகிறது. புதிய தளிர் முதிரும்வரை பால் குறைகிறது, வருமானமும் குறைகிறது. ஆண்டுக் கடைசி மழையும் வெட்டு நாள்களைக் குறைத்துவிடுகிறது. இலையுதிர்வதை நாம் தடுக்க முடியாது. ஆனால் அது வருவதை முன்னரே அறிவோம். உங்கள் தோட்டத்தில் வழக்கமாகப் பால் குறையும் வாரங்களைச் சென்ற ஆண்டு நாட்காட்டியைப் பார்த்து இவ்வாண்டு நாட்காட்டியில் நிழலிட்டு வையுங்கள். சூன், சூலை மாதங்களில் பால் நன்கு கிடைக்கையில் ஒவ்வொரு சம்பள நாளிலும் ஐம்பது வெள்ளி ஒதுக்கினால், நவம்பருக்குள் முந்நூறு வெள்ளி சேரும். தவணைக்குப் பொருள் எடுக்குமுன் அந்த நிழலிட்ட வாரங்களை ஒருமுறை நோக்க வேண்டும்.

எழுதுபவர் யார் என்ற கேள்வி எழலாம். தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஐந்தாம் ஆண்டு படிக்கும் பிள்ளையிடம் அப்பணியைக் கொடுங்கள். பெரியவர் கூற, பிள்ளை எழுதட்டும். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி வீட்டில் இருப்பாராயின் அவருக்கென்று அடையாளங்கள் வைத்துக்கொள்ளலாம். மருந்தகத்திற்குக் கூட்டல் குறி, பள்ளிக்கு ஒரு சிறு மணி, சம்பளத்திற்கு ஒரு வட்டம். அவர் அதை மறக்கவே மாட்டார். மற்றவர்களையும் மறக்க விடமாட்டார்.

கைப்பேசியில் நாட்காட்டி இருக்கிறதே என்று இளைஞர்கள் கூறுவார்கள். மருந்தகத் தவணைக்கு முதல்நாள் மாலையில் மணியடித்து நினைவூட்ட அது மிக நல்லது, பயன்படுத்துங்கள். ஆயினும் அது ஒருவருடைய சட்டைப்பையில் இருக்கிறது. சுவரில் இருப்பதை வீட்டார் அனைவரும் சோறு உண்ணும்போது பார்க்கிறார்கள். ஆகையால் முன்னறையைக் காட்டிலும் சமையலறை வாயிலே பொருத்தமான இடம். அடுப்புப் புகையும் கூரை ஒழுக்கும் படாத பக்கமாக, பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் மாட்டி, பேனாவை நூலால் கட்டிவிடுங்கள். கட்டாத பேனா இரண்டு நாள் தங்காது.

ஆண்டு முடிந்ததும் நாட்காட்டியைப் பழந்தாள்காரரிடம் போட்டுவிடாதீர்கள். தொழிலாளர் பதிவேடுகளை முதலாளி ஆறு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் கூறுகிறது. நீங்களும் உங்கள் நாட்காட்டிகளை அதே ஆறு ஆண்டுகள், சம்பளச் சீட்டுகளோடு சேர்த்துச் சுருட்டி, கறையான் ஏறாத தகரப் பெட்டியில் வைத்துக்கொள்ளலாம்.