கடையில் பார்வை, கைப்பேசியில் விலை: நெருக்கடியில் மின்சாதனப் பேரங்காடிகள்

மும்பை செம்பூரை ஒட்டிய திலக் நகரில் பழைய வீட்டு வசதி வாரியக் குடியிருப்புகள் இடிக்கப்பட்டு, அவ்விடங்களில் அடுக்குமாடிகள் எழுகின்றன. புதுமனை புகுவோருக்குக் குளிர்சாதனப் பெட்டி முதல் ஏ.சி. வரை எல்லாமே தேவை. மின்சாதனப் பேரங்காடிகளுக்கு இதைவிட நல்ல காலம் வாய்க்காது என்றே தோன்றும். ஆனால் நிலைமை வேறு.

வாடிக்கையாளர் வருகிறார், டி.வி.யின் படத் தெளிவைப் பார்க்கிறார். விற்பனையாளரிடம் அரை மணி நேரம் விளக்கம் கேட்கிறார். பிறகு, அதே மாடலின் விலையைக் கைப்பேசியில் தேடுகிறார். கடைக்காரர் அந்த விலைக்கு இறங்க வேண்டும். இல்லையேல் விற்பனை கைநழுவும். வாடகை, மின் கட்டணம், ஊழியர் சம்பளம் மட்டும் குறைவதில்லை. சாதனத்தில் கிடைக்கும் லாபம் சொற்பம் என்பதால், கூடுதல் உத்தரவாதத் திட்டங்களையும் உதிரிச் சாதனங்களையும் விற்றே ஈடுகட்ட வேண்டியிருக்கிறது.

விஜய் சேல்ஸ் 1967ல் மாஹிமில் சிறு கடையாகத் தொடங்கியது. டாடா குழுமத்தின் குரோமா 2006ல் ஜுஹுவில் முதல் கடையைத் திறந்தது. அடுத்த ஆண்டே ரிலையன்ஸ் டிஜிட்டலும் களமிறங்கியது. தெருமுனைக் கடைகள் இனி என்னவாகும் என்பதே அன்றைய கேள்வி. ஆனால், பெரியவர்களும் தப்பவில்லை. பியூச்சர் குழுமத்தின் இசோன், வீடியோகான் குழுமத்தின் நெக்ஸ்ட் ஆகியவை இன்று இல்லை. அமெரிக்காவில் சர்க்கியூட் சிட்டி 2009லும், பிரிட்டனில் காமெட் 2012லும் மூடப்பட்டன. பெஸ்ட் பை மட்டும், இணைய விலையையே கடையிலும் தர முன்வந்து மீண்டது.

நாடாளுமன்றம் முதல் நீதிமன்றம் வரை

பல பிராண்டு சில்லறை வணிகத்தில் 51 சதவீத அந்நிய முதலீட்டை அனுமதித்த மன்மோகன் சிங் அரசின் முடிவு, 2012 டிசம்பர் 5ல் மக்களவையில் 253க்கு 218 என்ற வாக்குகளில் தப்பியது. சமாஜவாதியும் பகுஜன் சமாஜும் வெளிநடப்புச் செய்தன. அந்நிய முதலீட்டை எதிர்த்து வந்த திமுக, அரசுக்கு ஆதரவாக வாக்களித்தது. அதிமுக எதிர்த்தது.

வால்மார்ட் வாசல் வழியாக வரும் என்று அன்று அஞ்சினர். 2018ல் பிளிப்கார்ட்டின் 77 சதவீதப் பங்குகளை 1,600 கோடி டாலருக்கு வாங்கி, அது கைப்பேசி வழியாக வந்தது! பெருநிறுவனங்கள் விலையை அடித்து நொறுக்கும் என்று சிறு வணிகர்கள் எழுப்பிய குரலை இப்போது பேரங்காடிகளே எழுப்புவதுதான் வேடிக்கை. இந்திய சில்லறை வணிகர் சங்கம் 2015லேயே தில்லி உயர் நீதிமன்றத்தை நாடியது.

இணையச் சந்தைகள் விலையில் தலையிடக் கூடாது என்று மத்திய அரசு 2016ல் நிபந்தனை விதித்தது. தாங்கள் பங்கு வைத்திருக்கும் நிறுவனங்களின் பொருள்களை அவை விற்கவும் 2019 பிப்ரவரி முதல் தடை வந்தது. தில்லி வணிகர் அமைப்பு ஒன்றின் புகாரின் பேரில், போட்டி ஆணையம் 2020ல் அமேசான், பிளிப்கார்ட் மீது விசாரணைக்கு உத்தரவிட்டது. இதை எதிர்த்த மனுக்களை 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கர்நாடக உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பியது. வழக்கு நகரும் வேகத்தில் விலை நகர்வதில்லை.

வரி குறைந்தது, ஆனால்...

ஜி.எஸ்.டி. குறையும் என்று 2025 சுதந்திர தின உரையில் பிரதமர் மோடி அறிவித்தார். விநாயகர் சதுர்த்தி ஆகஸ்ட் 27ல் வந்தது. மும்பையில் பண்டிகைக் கால விற்பனை சூடு பிடிக்கும் நாள் அது. ஆனால், வாங்க நினைத்தவர்களில் பலர் வரிக் குறைப்புக்காகக் காத்திருந்தனர். ஏ.சி.க்கும் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டி.வி.க்கும் வரி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது, நவராத்திரி தொடங்கிய செப்டம்பர் 22ல்தான். மறுநாளே அமேசானும் பிளிப்கார்ட்டும் பண்டிகைத் தள்ளுபடி விற்பனையைத் தொடங்கின. ஐந்து வாரம் காத்திருந்த வாடிக்கையாளரைக் கடைக்காரர் தனியாகச் சந்திக்கக் கிடைத்தது ஒரே ஒரு நாள்.