பொத்தானிடம் தோற்கும் கை

பால்மரம் சீவிய கைக்கு ஒரு நுட்பம் உண்டு. பட்டை மெல்லிசாக வர வேண்டும். கத்தி கட்டையில் பட்டுவிடக் கூடாது. மலேசியாவின் கோலசிலாங்கூர் வட்டாரத்து ஈஜோக், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா (பழைய ஆட்களுக்கு அது இன்றும் பத்தாங் பெர்ஜுந்தைதான்) பக்கத்துத் தோட்டங்களில் அப்படிப் பழகிய கைகள் ஏராளம். அந்தக் கை அறுபதைத் தாண்டி ஒருநாள் சட்டைப் பொத்தானிடம் தோற்றுப்போனால், ‘வயசாயிருச்சு’ என்பார்கள் வீட்டில். கொஞ்ச நாளில் நடையும் தள்ளாடும். வாதம் என்று முடிவுகட்டி, எண்ணெய் தேய்த்து உருவிவிட ஆள் தேடுவார்கள்.

கழுத்தின் மேல் யாருக்கும் சந்தேகம் வராது. பலருக்குக் கழுத்து வலிப்பதே இல்லை என்பதுதான் கழுத்தில் தண்டுவடம் நசுங்கும் இந்த நோயின் சூழ்ச்சி.

கழுத்தெலும்புகளுக்குள் இருக்கும் குழாய் ஏறக்குறைய 17 மில்லிமீட்டர் அகலம். அதற்குள் சுண்டுவிரல் கனத்தில் தண்டுவடம் இறங்குகிறது. கைகால் அசைவு, தொடுவுணர்வு, சிறுநீர்க் கட்டுப்பாடு எல்லாம் அதன் வழியாகத்தான். வயது ஏற ஏற, எலும்புகளுக்கு இடையில் மெத்தைபோல இருக்கும் டிஸ்க் வறண்டு பிதுங்கும். ஓரத்தில் எலும்பு முளைவிடும். பின்பக்கத்து நார்ப்பட்டை தடிக்கும். குழாய் 13 மில்லிமீட்டருக்குக் கீழே குறுகினால் தண்டுவடத்துக்கு நெருக்கடி தொடங்கிவிடலாம். ஐம்பதைக் கடந்தவர்களின் தண்டுவடப் பாதிப்புகளுக்கு உலகெங்கும் முதன்மைக் காரணம் இந்தத் தேய்மானமே.

அண்ணாந்து பார்க்கும்போது அந்த இடம் இன்னும் குறுகும். செம்பனைக் குலை வெட்டுகிறவர் நீண்ட அலுமினியக் கம்பின் நுனியில் அரிவாளை மாட்டி, வளர்ந்த மரங்களை அண்ணாந்தே வேலை பார்க்கிறார். கழுத்துவலி, தோள்வலி என்று இத்தொழிலாளர்கள் சொல்வதை மலேசிய ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. அந்த வேலைதான் இந்த நோயைக் கொண்டுவருகிறது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் குழாய் ஏற்கெனவே குறுகியவருக்கு ஒரு சறுக்கலே போதும். குளியலறையில் முகம் அடிபட விழுந்து கழுத்து பின்னால் மடங்கினால், எலும்பு முறியாமலேயே இரு கைகளும் செயலிழக்கக்கூடும். கழுத்தைச் சொடுக்கி எடுப்பவர்களிடம் இப்படிப்பட்டவர் போகக் கூடாது என்பதும் இதனால்தான்.

கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் முதலில் வேண்டாம். கையை நீட்டி விரல்களை மூடித் திறக்கச் சொல்லி 10 நொடி எண்ணுவார்கள். 20 தடவை வந்தால் சரி. வெகுவாகக் குறைந்தால், விரல்கள் ஒட்டிக்கொண்டு மெதுவாகப் பிரிந்தால், எம்.ஆர்.ஐ. எடுத்தாக வேண்டும். இது ஜப்பானிய மருத்துவர்கள் கொண்டுவந்த சோதனை.

அறுவைச் சிகிச்சைக்கு இரண்டு வாசல்கள். முன்வாசல் 1950களில் திறந்தது. அமெரிக்காவில் ஸ்மித், ராபின்சன் என்ற இருவர் ஒரு முறையையும், ஹவாயில் கிளாவர்ட் இன்னொன்றையும் எழுதி வைத்தார்கள். கழுத்தின் தோல்மடிப்பிலேயே கீறி, மூச்சுக்குழலையும் உணவுக்குழலையும் ஒருபக்கம் ஒதுக்கி, தலைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாயை மறுபக்கம் ஒதுக்கினால் எலும்பு தெரியும். தசையை அதிகம் வெட்ட வேண்டியதில்லை. கெட்டுப்போன டிஸ்க்கை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் எலும்புத் துண்டையோ சிறு கூண்டையோ வைத்துத் தகட்டால் இறுக்குவார்கள். சில நாள் விழுங்கச் சிரமமாக இருக்கும், குரல் கம்மும்.

பல இடங்களில் நெருக்கடி என்றால் பெரும்பாலும் பின்வாசல். எலும்பின் பின்கூரையை முழுசாக எடுத்துவிடுவது பழைய முறை. இடம் கிடைத்துவிடும், ஆனால் தாங்கல் போய், சிலருக்குக் கழுத்து முன்னால் வளைந்து அன்னப்பறவைக் கழுத்தாகிவிடும். அதனால் இப்போது திருகாணியும் கம்பியும் சேர்த்துப் பொருத்துகிறார்கள். ஜப்பானில் தண்டுவடத்தின் முன்னால் இருக்கும் நார்ப்பட்டையே எலும்பாக இறுகும் நோய் அதிகம். அங்கே ஹிராபயாஷி என்ற மருத்துவர் 1977இல் வேறு வழி கண்டார். கூரையின் ஒருபக்கத்தை முழுசாக அறுத்து, மறுபக்கத்தில் பள்ளம் மட்டும் போட்டு, கதவைத் திறப்பதுபோல் திறந்து நிறுத்தினார். எலும்பும் மிஞ்சியது, இடமும் கிடைத்தது. லேமினோபிளாஸ்டி என்பது இதுதான். பின்னால் திறக்கும்போது சிலருக்குக் கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாமல் போகும். பலருக்கு மாதக்கணக்கில் சரியாகும்.

எந்த வாசல் உசத்தி? 163 நோயாளிகளைக் கொண்டு நடந்து 2021இல் வெளிவந்த ஆய்வில், ஓராண்டு கழித்து இரு தரப்புக்கும் உடலியக்கத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. விழுங்குவதில் சிரமம் முதலான சிக்கல்கள் மட்டும் முன்வாசலில் கூடுதல்.

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை காட்டிய வழி நம் மக்களுக்கு இன்னும் நெருக்கமானது. ஜேக்கப் சாண்டி 1949இல் அங்கே தொடங்கியது இந்தியாவின் முதல் நரம்பு அறுவைச் சிகிச்சைத் துறை. பின்னாளில் அங்கிருந்த வேதாந்தம் ராஜசேகர், தகடும் திருகாணியும் இல்லாமல் நோயாளியின் சொந்த எலும்பையே பொருத்திச் செய்த அறுவைகளின் பலனை எழுதினார். அங்கேயே பணியாற்றிய ஆரி சாக்கோ, பாரிஸில் பெர்னார்ட் ஜார்ஜ் உருவாக்கிய முறையைக் கையாண்டார்: எலும்பைச் சாய்வாகக் குடைந்து, எதையும் பொருத்தாமலே விட்டுவிடுவது. கண்ணிமை லேசாகத் தொங்கிப்போகும் ஆபத்து இதில் உண்டு. எல்லாருக்கும் பொருந்தாது. ஆனாலும் பொருத்தும் சாமானே பெருஞ்செலவாகும் ஏழைக்குக் கதையே வேறு.

கோலசிலாங்கூரில் ஒருவர் இதற்கு இந்தியா போகத் தேவையில்லை. தஞ்சோங் காராங் மருத்துவமனையோ அரசாங்க கிளினிக்கோ கடிதம் கொடுத்தால், சுங்கை பூலோ மருத்துவமனை போன்ற பெரிய இடங்களில் நிபுணர்கள் இருக்கிறார்கள். திருகாணிச் செலவு கைக்கு எட்டாவிட்டால் மருத்துவமனையின் சமூகநல அதிகாரியைக் கேளுங்கள். சந்தா கட்டியவர் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவிலும் விசாரிக்கலாம்.

தள்ளிப்போட்டால்தான் இழப்பு. அறுவையின் முதல் நோக்கம் மேலும் கெடாமல் நிறுத்துவது. நெடுநாள் நசுங்கிய தண்டுவடம் முழுசாகத் திரும்பாது. நடுத்தர, கடுமையான நிலையில் அறுவை செய்வதே நல்லது என்று 2017இல் வந்த சர்வதேச வழிகாட்டுதலும் சொல்கிறது.

ஆகவே கிளினிக்கில் ஐந்து நிமிடம் கிடைத்தால் முட்டிவலியில் ஆரம்பிக்க வேண்டாம். பொத்தான் மாட்ட முடியவில்லை, நடக்கும்போது கால் தடுமாறுகிறது என்று அதை முதலில் சொல்லுங்கள்.