வெளியே விலகும் கண்: ஒரு கண்ணிலா, இரு கண்ணிலா?

சென்ற ஆண்டு நம் சங்கத்துப் பொங்கல் விழாவில், பந்தி முடிந்து கை கழுவுகிற இடத்தில் ஒரு பெரியவர் என்னைப் பிடித்துக்கொண்டார். தாராவியில் நாற்பது வருடமாகக் கடை வைத்திருக்கும் நெல்லைக்காரர். பக்கத்தில் ஆறு வயதுப் பேத்தி.

"டாக்டரே, பிள்ளைக்கு ஒரு கண்ணு அப்பப்ப வெளிய ஓடுது. ஒரு டாக்டரு ரெண்டு கண்ணுலயும் ஆபரேஷன் பண்ணணும்ங்காரு. இன்னொருத்தரு ஒரு கண்ணு போதும்ங்காரு. துட்டுக்காகச் சொல்லுதாங்களோ?" என்றார்.

"இல்லை அண்ணாச்சி, ரெண்டு பேர் சொன்னதும் சரிதான்" என்றேன். அங்கே நின்றபடி சொல்லி முடிக்க இயலாததை இங்கே எழுதுகிறேன். இதே குழப்பம் பல வீடுகளில் உண்டு.

ஒவ்வொரு கண்ணையும் ஆறு தசைகள் அசைக்கின்றன. மூக்குப் பக்கத் தசை கண்ணை உள்ளே இழுக்கும். காதுப் பக்கத் தசை வெளியே இழுக்கும். இரு கண்களையும் ஒரே பொருளின் மேல் நிறுத்தி வைப்பது மூளையின் வேலை. களைப்பிலும் காய்ச்சலிலும் தூரத்தை வெறித்துப் பார்க்கும்போதும் அந்தப் பிடி தளர்ந்து ஒரு கண் வெளியே நழுவும். வெயிலில் ஒரு கண்ணை மூடிக்கொள்வதும் ஓர் அடையாளம். "மாறுகண் அதிர்ஷ்டம்" என்று விட்டுவிடக் கூடாது. பார்வை குறைந்த கண்ணும் இப்படி விலகலாம் என்பதால், முதலில் முழுப் பரிசோதனை அவசியம்.

இனி அறுவை சிகிச்சை. முதல் முறையில், இரு கண்களிலும் காதுப் பக்கத் தசையை ஒட்டிய இடத்திலிருந்து பிரித்து, சில மில்லிமீட்டர் பின்னால் தைப்பார்கள். அதன் இழுவை குறையும். இரண்டாவது முறையில், ஒரே கண்ணில் காதுப் பக்கத் தசையைப் பின்தள்ளி, மூக்குப் பக்கத் தசையில் சிறு துண்டை நீக்கி இறுக்கித் தைப்பார்கள். பந்தல் கால் சாய்ந்தால் ஒரு கயிற்றைத் தளர்த்தி எதிர்க் கயிற்றை இறுக்குகிறோமே, அது போல. கவனியுங்கள்: இரண்டு முறையிலும் தொடுவது இரண்டு தசைகளைத்தான். கண்ணுக்குள்ளே கத்தி போவதில்லை. வெளிப்புறத்திலேயே வேலை முடிகிறது.

எது மேல்? அமெரிக்காவைச் சேர்ந்த குழந்தைக் கண் நோய் ஆய்வுக் குழு ஒன்று, 3 முதல் 10 வயது வரையான 197 குழந்தைகளை இரு பிரிவாக்கி மூன்று ஆண்டுகள் கவனித்தது. முடிவு 2019இல் வெளிவந்தது. திருப்தியில்லாத பலன் இரு கண் முறையில் 100க்கு 46. ஒரு கண் முறையில் 37. இந்த வித்தியாசம் தற்செயலாகவும் வரக்கூடியது என்பதால், ஒன்று மற்றதை வென்றது என்று சொல்ல முடியாது. ஆனால் இரண்டிலுமே விலகல் திரும்ப வரலாம் என்பது மட்டும் தெளிவு. இதைப் பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

ஒரு கண்ணில் பார்வை மிகக் குறைவு என்றால், நல்ல கண்ணைத் தொடாமல் அந்தக் கண்ணிலேயே செய்வது வழக்கம். மற்றபடி, டாக்டருக்குக் கைப்பழக்கம் உள்ள முறையே நல்ல முறை. சில நாள் இரட்டையாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். ஆனால் கண் உள்பக்கம் திரும்பியே நின்றுவிட்டால் உடனே காட்டுங்கள்.

இவற்றுக்கெல்லாம் முன்னால் ஒரு கேள்வி உண்டு: ஆபரேஷன் இப்போதே தேவையா? பேத்தியைப் பிறகு என் கிளினிக்கில் பார்த்தேன். விசேஷக் கண்ணாடி மாட்டி, ஈ படத்தை நீட்டி, இறக்கையைப் பிடிக்கச் சொன்னேன். காகிதத்தைத் தொடாமல், அதற்கு மேலே காற்றில் கிள்ளினாள். இரு கண்களும் சேர்ந்து ஆழம் பார்க்கின்றன என்று பொருள்.

"அண்ணாச்சி, அவசரமில்லை. நாலு மாசத்துக்கொரு தடவை கூட்டிட்டு வாங்க. கண் ஓடுற நேரம் கூடினாலோ, இந்த ஈ இவ கைக்கு அகப்படாமப் போனாலோ, அப்போ ஆபரேஷனைப் பத்திப் பேசுவோம்" என்றேன்.

"அப்ப எந்தக் கண்ணுல?" என்றார் பெரியவர்.

"அதை அப்போ பாத்துக்கலாம்" என்றேன். பேத்தி இன்னும் ஈயைக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.